வேல்ஸ் தேசத்துக் கம்பளி ஆலைகள்

வேல்ஸ் தேசத்தின் தென்மேற்குப் பாகத்திலே மோட்டார் வண்டியிற் பிரயாணஞ் செய்வோர், கார்மார்தன் என்னும் பழைய பட்டினத்தை விட்டு வடமேற்கு நோக்கிச் செல்லும்போது, வீதியின் இருமருங்கிலும் பசும்புற் சரிவுகளையும், அச்சரிவுகளில் மேயும் செம்மறியாடுகளையுமே பெரிதுங் காண்பர். அத்தேசத்தில் வாழும் மக்கள் முப்பது லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர். ஆடுகளோ மக்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இவ்வளவு ஆடுகள் உள்ள நாட்டிலே கம்பளி நெய்யும் ஆலைகள் மூலைக்கு மூலை இருக்குமென்று பிரயாணி எண்ணுவது இயல்பு. ஒரு காலத்தில் அவ்வாறுதான் இருந்தது. இன்று தறியோசை கேட்கும் ஆலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் மூன்றினை ஒரே வழியாகச் சென்று பார்த்துவிடலாம். மூன்றும் மூன்று விதமாகப் பிழைத்தவை. அவை பிழைத்த வரலாறே இப்பேச்சின் பொருள்.

கார்மார்தனிலிருந்து 16 மைல் தூரத்தில் டிரேவாக் வெலிண்ட்ரே என்னும் கிராமம் உள்ளது. பெயர் வாயில் நுழையாததுபோல் தோன்றினும் அதன் பொருள் எளியது. வேல்ஸ் மொழியிலே 'மெலின்' என்றால் ஆலை. 'டிரே' என்றால் ஊர். சொற்கள் ஒன்றோடொன்று சேரும்போது முதலெழுத்துத் திரிவது அம்மொழியின் இயல்பாதலால், 'மெலின்' அங்கே 'வெலின்' ஆயிற்று. ஆலையூர் என்பதே அதன் பொருள். புணர்ச்சியில் எழுத்துத் திரிவதை நன்கறிந்த தமிழருக்கு இது விளங்காத செய்தியன்று.

இக்கிராமத்தைச் சூழ்ந்த மலைகளிலிருந்து சிற்றாறுகள் பல விரைந்து இறங்கி, டைவி என்னும் ஆற்றிற் சென்று கலக்கின்றன. அந்த நீரோட்டமே ஊருக்கு வாழ்வளித்தது. சக்கரத்தைச் சுழற்றுவதற்கும், ஆட்டு உரோமத்தைக் கழுவுவதற்கும், சாயந் தோய்ப்பதற்கும், நெய்த துணியை அலசுவதற்கும் நீர் வேண்டும். முன்னாளில் குடியானவரின் வீட்டிலே பெண்கள் இராட்டினத்தில் நூற்க, ஆடவர் கைத்தறியில் நெய்து வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யந்திரங்கள் சிறிதாகி, மலிந்து, கிராமத்துக்கும் எட்டியபோது, இவ்வேலைகளெல்லாம் ஆற்றங்கரை ஆலைக்குள் ஒன்றுசேர்ந்தன. இக்கிராமத்திலும் அதன் அயலிலும் நாற்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் இயங்கிய காலமும் உண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கம்பளி நகரமாகிய ஹடர்ஸ்பீல்டின் பெயரைச் சூட்டி, 'வேல்ஸின் ஹடர்ஸ்பீல்ட்' என்று இச்சிற்றூரை அழைத்தனர்.

அவ்வாலைகளுட் பெரியதொன்று கேம்பிரியன் ஆலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்கட்டடம் இன்று தேசியக் கம்பளி நூதனசாலையாக விளங்குகின்றது. நூதனசாலை என்றவுடன் கண்ணாடிப் பெட்டிக்குள் உறங்கும் பொருள்களே பலருக்கு நினைவில் வரும். ஆனால் இங்கே உள்ளே நுழைபவரை முதலில் எதிர்கொள்வது ஒரு மணம். ஆட்டின் தோலிலிருந்து ஊறி உரோமத்திற் படியும் கொழுப்பும், யந்திர எண்ணெயும், நனைந்த துணியும் கலந்த மணம் அது. அடுத்து வருவது ஓசை. பயிற்சி பெற்ற கைவினைஞர் பழைய யந்திரங்களை இயக்கிக் காட்ட, உரோமம் துணியாகும் வழியைப் படிப்படியாகக் காணலாம்.

முதலாவது வேலை தரம் பிரித்தல். ஓர் ஆட்டின் உரோமம் முழுவதும் ஒரே தரமானதன்று. தோட்புறத்து உரோமம் மென்மையானது. பின்னங்காற் புறத்தது முரடானது. தரம் பிரிப்பவர் கண்ணால் பார்ப்பதைவிட விரலாற் பார்ப்பதே மிகுதி. பிரித்த உரோமத்தைக் கூரிய முட்கள் பதித்த உருளையுள்ள யந்திரத்தில் இடுவர். அது உரோமத்தைப் பிய்த்து, உதறி, தூசியை நீக்கி வெளியே எறியும். அதன் சீற்றத்தைக் கண்ட தொழிலாளர் அதற்குப் 'பிசாசு' என்றே பெயரிட்டனர். பிசாசின் வாயிலிருந்து வந்த உரோமத்தில் எண்ணெய் தெளித்து, அடுத்த யந்திரத்துக்கு அனுப்புவர். அங்கே மெல்லிய கம்பிப் பற்கள் பதித்த பெரிய உருளைகள் ஒன்றையொன்று உராயாமல் உராய்ந்து சுழல்கின்றன. அவற்றினிடையே சென்ற உரோமம் சிக்கு நீங்கி, சிலந்தி வலைபோன்ற மெல்லிய படலமாக வெளிவரும். அப்படலத்தை நீள நீளமாகப் பிரித்து உருட்ட, முறுக்கில்லாத மென்மையான திரி கிடைக்கும். அத்திரியைக் கையாற் பற்றி இழுத்தால் அறுந்துவிடும். முறுக்கேறினாலன்றி அது நூலாகாது.

முறுக்கேற்றும் யந்திரத்தின் பெயர் 'மியூல்'. ஆங்கிலத்தில் மியூல் என்பது கோவேறு கழுதையைக் குறிக்கும். இங்கிலாந்தின் போல்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் கிராம்ப்டன் என்பவர், அக்காலத்தில் வழங்கிய இருவகை நூற்பு யந்திரங்களின் குணங்களை ஒன்றாக்கி 1779 இல் இதனை இயற்றினார். இரண்டு இனங்கள் கலந்து பிறந்ததாதலின் கோவேறு கழுதையின் பெயர் இதற்கு வாய்த்தது. பின்னர் இந்த யந்திரம் தானாகவே இயங்கும் வண்ணம் திருத்தியமைத்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்பவர் வேல்ஸ் தேசத்திற் பிறந்தவர். அவர் 1825 இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அத்தகைய கண்டுபிடிப்புகள் பல செய்தும் வறுமையிலேயே 1864 இல் இறந்தார்.

மியூல் இயங்குவதைப் பார்ப்பவர் சிறிது நேரம் பேச்சை மறந்து நிற்பர். வரிசை வரிசையாகக் கதிர்கள் பொருத்திய நீண்ட வண்டியொன்று, தரையிற் பதித்த தண்டவாளத்தின் மேல் மெல்ல முன்னே வருகின்றது. வரும்போதே திரிகளை இழுத்து முறுக்கேற்றுகின்றது. எல்லையை அடைந்ததும் ஒரு கணம் நின்று, முறுக்கிய நூலைக் கதிர்களிற் சுற்றியபடியே பின்னோக்கிச் செல்கின்றது. கடலலை கரைக்கு வந்து மீள்வதுபோன்ற அசைவு அது. அந்த அலைக்குள்ளே குனிந்து, அறுந்த நூல்களை விரலால் முடிந்து ஒட்டுவதற்கு ஒருவர் எப்போதும் கூடவே நடக்க வேண்டும். முற்காலத்தில் அவ்வேலையைச் சிறுவர் சிறுமியரே செய்தனர். வண்டி வெளியே வரும் நேரத்துக்கும் உள்ளே செல்லும் நேரத்துக்கும் இடைப்பட்ட சில விநாடிகளுக்குள் வேலையை முடித்துக் கையை எடுத்துவிடுதல் வேண்டும். அந்தக் கணக்கு புத்தகத்திற் கற்றுக்கொள்ளத் தக்கதன்று.

நூல் ஆயிற்று. இனித் தறி. பாவு, ஊடை, நாடா என்னும் சொற்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு அத்தறி அந்நியமாகத் தோன்றாது. நெடுக்கே பாவு ஓட, அதன் நடுவே ஊடை நூலைச் சுமந்து நாடா பாய்கின்றது. வேற்றுமை வேகத்திலும் ஓசையிலுந்தான் உள்ளது. இரும்பினால் ஆகிய அவ்விசைத்தறியில் நாடா அறையப்படும் ஒவ்வொரு முறையும் தரை அதிர்கின்றது. இத்தகைய தறிகள் பல ஓடிய மண்டபத்திலே நெசவாளர் ஒருவரோடொருவர் உரத்துப் பேசியும் கேளாமல், உதட்டசைவைப் பார்த்தே பொருளறியப் பழகிக்கொண்டனர். முதுமையிற் செவித்திறன் குன்றியவர்களும் பலர்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி இன்னும் முடிந்த பொருளாகாது. அதை நனைத்து, அடித்து, மிதித்துச் சுருக்க வேண்டும். ஆட்டு உரோமத்தின் இழை ஒவ்வொன்றின் மேலும் மீனின் செதில்போன்ற நுண்செதில்கள் உண்டு. ஈரமும் வெப்பமும் அழுத்தமும் சேரும்போது அச்செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, துணி சுருங்கித் தடித்துக் காற்றுப் புகாததாகின்றது. சவர்க்காரம் பரவலாக வழங்குமுன் இவ்வேலைக்குப் புளித்த சிறுநீரைப் பயன்படுத்தினர். வீடு வீடாகச் சென்று அதனைச் சேகரித்தனர். துணியை அடிக்கும் மரச் சம்மட்டிகளை நீர்ச்சக்கரத்தினால் இயக்கிய ஆலைக்கு வேல்ஸ் மொழியிற் 'பாண்டி' என்று பெயர். அப்பெயர் தாங்கிய இடங்கள் நாடெங்கும் உள்ளன. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் போராட்டத்தினால் 1910 இல் உலகறிந்த டோனிபாண்டி என்னும் ஊரின் பெயரிலும் அச்சொல்லே நிற்கின்றது.

கம்பளியையும் நிலக்கரியையும் இணைத்தது ஊர்ப்பெயர் மாத்திரமன்று. டிரேவாக் வெலிண்ட்ரேயின் தறிகள் பெரும்பாலும் நெய்தது பிளானல் என்னும் மெல்லிய கம்பளித் துணி. அதனை வாங்கி உடுத்தவர் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரும் உருக்காலைத் தொழிலாளருமே. சுரங்கத்தின் அடியில் வியர்வை வழிய உழைத்து, பின்பு மேலேறிக் குளிர்காற்றில் வீடு செல்வோருக்கு, வியர்வையை உறிஞ்சி உடலின் சூட்டைக் காக்கும் பிளானல் சட்டை அவசியமான தொழிற்கருவியாக இருந்தது. இலங்கையின் மலைநாட்டிலே மழையிலும் பனியிலும் கொழுந்து பறிப்போருக்குக் கம்பளி எவ்வாறோ, அவ்வாறே சுரங்கத் தொழிலாளிக்குப் பிளானல். 1895 இல் அயலூராகிய நியூகாசில் எம்லின் வரையில் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. துணிமூட்டைகள் சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்கு எளிதிற் சென்றன; ஆலைகள் பெருகின.

1914 இல் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது போர்வீரருக்குச் சட்டையும் போர்வையும் வேண்டியிருந்தன. அரசாங்கத்தின் கட்டளைகள் குவிந்தன. தறிகள் இரவும் பகலும் ஓடின. ஆலை முதலாளிகள் செழித்தனர். ஆனால் அச்செழிப்பு யுத்தத்தோடு முடிந்தது. சமாதானம் வந்ததும் அரசாங்கம் தன்னிடம் எஞ்சியிருந்த துணியைச் சந்தையிற் கொட்ட, பிளானலின் விலை சரிந்தது. அதே காலத்தில் மக்களின் விருப்பமும் மாறியது. மெல்லிய, மலிவான, எளிதிற் சலவை செய்யத்தக்க உடைகள் கடைக்கு வந்தன. பின்னர் சுரங்கத் தொழிலும் தளர்ந்தது. வாங்குவோரின் கையிற் பணமில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் மூடப்பட்டன. தீப்பிடித்து அழிந்தவையும் உண்டு. கேம்பிரியன் ஆலையின் ஒரு பகுதியே 1919 இல் தீக்கிரையாகி மீண்டும் கட்டப்பட்டது.

ஆலை மூடப்படும்போது யந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்காவது விற்கலாம். மியூலின் முன்னே நாற்பதாண்டு நடந்தவரின் கையறிவை யார் விலைக்கு வாங்குவது? அவர் வீட்டுக்குச் சென்றால் அவ்வறிவும் அவரோடு சென்றுவிடுகின்றது. பழைய யந்திரத்தைத் துடைத்து, எண்ணெயிட்டு, அழகாக நிறுத்தி வைத்தாலும், எந்தத் திருகை எவ்வளவு தளர்த்தினால் நூல் அறாது என்பதை அறிந்தவர் இல்லையேல் அது வெறும் இரும்பே. 1976 இல் கேம்பிரியன் ஆலைக் கட்டடத்தில் நூதனசாலை திறக்கப்பட்டபோதும், 2004 இல் அது புதுப்பிக்கப்பட்டுத் தேசியக் கம்பளி நூதனசாலை என்னும் பெயர் பெற்றபோதும், எதிர்நின்ற பிரச்சினை இதுவே. யந்திரங்களை ஓடவிட வேண்டும். ஓட்டுவதற்கு இளையவர் ஒருவர் முதியவர் ஒருவரின் அருகில் நின்று பழகவேண்டும். அங்கே நெய்யப்படும் துணியின் பெறுமதியைக் கணக்கிடுவோர், அத்துணியோடு தொடரும் இப்பழக்கத்தையும் சேர்த்தே கணக்கிடுதல் தகும்.

டிரேவாக் வெலிண்ட்ரேயை விட்டு மேற்கே நாலு மைல் சென்றால் நியூகாசில் எம்லின். அங்கிருந்து டைவி ஆற்றை ஒட்டிக் கார்டிகன் பட்டினம் சென்று, தெற்கே திரும்பி, பிஷ்கார்ட் துறைமுகத்தைக் கடந்தால், வீதி கடலுக்கு அருகாகச் செல்கின்றது. அவ்விடத்தில் பெருவீதியை விட்டு ஒடுங்கிய பாதையொன்றில் இறங்க, மரங்கள் அடர்ந்த சிறு பள்ளத்தாக்கிலே வெள்ளையடித்த கட்டடமொன்று தென்படும். அது டிரெக்விண்ட் ஆலை. 1912 இல் கிரிபித் குடும்பத்தினர் அதனை 760 பவுணுக்கு வாங்கினர். அன்று அயலிலுள்ள கமக்காரர் தம் ஆட்டு உரோமத்தைக் கொண்டுவந்து கொடுத்துப் போர்வையாகவும் நூலாகவும் பெற்றுச் சென்றனர். இன்று அதே ஆலையின் போர்வைகள் கடல் கடந்தும் செல்கின்றன.

அவ்வாலையின் சிறப்பு இரட்டைத் துணி நெசவு. இரண்டு நிறத்தில் இரண்டு துணிகளை ஒரே தறியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெய்து, நெய்யும்போதே மேலதைக் கீழும் கீழதை மேலுமாக மாற்றிக் கோலமாக்குவர். ஒரு பக்கத்தில் நீலத்தின் மேல் வெள்ளையாகத் தோன்றும் கோலம் மறு பக்கத்தில் வெள்ளையின் மேல் நீலமாகத் தோன்றும். வேல்ஸின் பழைய மணமக்களுக்குச் சீதனமாக வந்த போர்வைகள் இவ்வகையின. பிளானலை நம்பிய ஆலைகள் சாய்ந்தபின், 1950களிலும் 1960களிலும் உல்லாசப் பிரயாணிகளுக்காக இந்நெசவைப் புதுப்பித்தே சில ஆலைகள் உயிர் தப்பின. சுரங்கத் தொழிலாளியின் முதுகை இழந்த தறி, வீட்டின் கட்டிலையும் நாற்காலியையும் தேடிக்கொண்டது.

டிரெக்விண்ட் ஆலையின் அண்மைக்கால வரலாறும் கேட்கத் தக்கது. மூன்று தலைமுறை நடத்திய குடும்பத்தின் முன்னே, இனி யார் என்னும் கேள்வி எழுந்தது. விலைபேசி எவருக்கும் விற்றிருக்கலாம். விற்றபின் பெயர் மட்டும் அங்கே நிலைத்து, தறிகள் வேறிடம் சென்றிருத்தலுங் கூடும். 2022 இல் அக்குடும்பத்தினர் ஆலையின் உரிமையை அங்கே வேலை செய்வோரின் பொருட்டு அமைந்த நம்பிக்கைப் பொறுப்புக்கு மாற்றினர். நெய்பவரே உடையவராயினர். கையறிவு உள்ளவரின் கையிலேயே ஆலையும் சென்று சேர்ந்தது.

இன்னும் தெற்கே, செயின்ட் டேவிட்ஸ் பேராலயம் உள்ள சிறு நகரைத் தாண்டினால் சொல்வா என்னும் கடற்கரையூர். அதன் ஆற்றை எதிர்த்து ஏறக்குறைய ஒரு மைல் உள்ளே செல்ல, 1907 இல் எழுந்த சொல்வா கம்பளி ஆலையைக் காணலாம். அன்று முதல் இடையறாது இயங்கி வருவது அதன் பெருமை. தொடக்கத்தில் பிளானலும் போர்வையும் நெய்தது; பின்னர் தரைவிரிப்புகளுக்கு மாறியது. வேல்ஸ் மலையாட்டின் உரோமம் பொதுவாக முரடானது. உடலில் உடுத்த அது மென்மை போதாது. காலால் மிதிக்கும் விரிப்புக்கோ அம்முரட்டுத்தன்மையே உறுதியாகின்றது. குறை என்று கருதப்பட்டதே ஒரு தொழிலுக்கு முதலாயிற்று. வேலை நிறுத்திக் கிடந்த அதன் நீர்ச்சக்கரமும் 2015 இல் செப்பஞ்செய்யப்பட்டு மீண்டும் சுழன்றது.

இம்மூன்று ஆலைகளையும் பார்த்துத் திரும்பும் பிரயாணியின் கண்ணில் மறுபடியும் படுவன அதே புற்சரிவும் அதே ஆடுகளுமே. ஆனால் காலையிற் பார்த்த ஆடுகள் மாலையில் வேறொரு கேள்வியை எழுப்பும். ஆட்டின் உரோமத்தை ஆண்டுதோறும் கத்தரித்தே ஆகவேண்டும். இல்லையேல் கோடையில் ஈ மொய்த்துப் புழு வைத்து ஆடு வருந்தும். ஆனால் கத்தரிப்பவருக்குக் கொடுக்கும் கூலிக்கே உரோமத்தின் விலை போதாத நிலை பல ஆண்டுகளாக உண்டு. 2020 இல் கொள்ளை நோயினால் உலகச் சந்தைகள் முடங்கியபோது அவ்விலை இன்னும் வீழ்ந்தது. கமக்காரர் சிலர் உரோமத்தை விற்பதைவிட எருவாக்குவதும் எரிப்பதும் மேலெனக் கருதினர். மத்திய காலத்தில் இங்கிலாந்தின் செல்வத்துக்கு அடிப்படையாக விளங்கிய பொருள் அது. அதன் அடையாளமாகவே பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றும் உரோமம் அடைத்த மெத்தையாசனத்தில் அமர்கின்றார். அப்பொருளே மலைச்சரிவிற் குப்பையாகிக் கிடந்தது.

சிறிய ஆலைகள் இதற்கு முழு மாற்றாகிவிடும் என்று கூறுதல் பொருந்தாது. அவற்றின் தேவை சிறிது. மேலும் இக்காலத்துச் சிற்றாலைகள் பல, நூற்ற நூலை வெளியிலிருந்து வாங்கியே நெய்கின்றன. அருகிலுள்ள மலையாட்டின் உரோமம் அருகிலுள்ள தறிக்கு நேரே வந்து சேர்வது அரிதாகிவிட்டது. இடையிலுள்ள கழுவும் சாலைகளும் நூற்கும் சாலைகளும் குறைந்தமையே காரணம். சங்கிலியின் நடுக்கண்ணிகள் அறுந்தால் இரு முனைகளும் இருந்தும் பயனில்லை. ஆதலால் மியூலை இயக்கத் தெரிந்த ஒருவர் இருத்தலும், உரோமத்தைத் தடவித் தரஞ்சொல்லும் விரல்கள் இருத்தலும் பழம்பெருமைக்காக மட்டும் வேண்டப்படுவன ஆகா. என்றேனும் அக்கண்ணிகளை மீண்டும் பொருத்த வேண்டிவரின், அன்று கற்பிப்பதற்கு ஒருவராவது வேண்டும்.

டிரேவாக் வெலிண்ட்ரேயில் மியூல் வண்டி மெல்ல வெளியே வந்து, ஒரு கணம் நின்று, மீள்கின்றது. அந்த ஒரு கணத்தில் அறுந்த நூலை முடிய ஒரு கை நீள்கின்றது. பார்க்க வரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகத் தோன்றும். அவர்களுள் ஒருவர் நாளை அக்கையைப் போலத் தம் கையையும் பழக்க முன்வருவாராயின், அவ்வாலை இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும்.